கால் போன பிறகும் ஏன் இத்தனை ஆபரேஷன்? முழங்காலுக்குக் கீழே மிஞ்சும் நீளத்தின் கணக்கு

விபத்தில் கால் நசுங்கியவரைப் பற்றிய செய்தி பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்பட்டது. வீட்டாருக்கோ அதற்குப் பிறகுதான் குழப்பமே ஆரம்பிக்கிறது. முதல் நாள் ஒரு ஆபரேஷன் நடக்கிறது. காயத்தைத் தைக்காமல் திறந்தே விட்டுவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோகிறார்கள். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் வந்து, முதுகிலிருந்து தசை எடுத்துக் காலில் வைக்க வேண்டும், ஏழெட்டு மணி நேரம் ஆகலாம் என்கிறார். கால்தான் போய்விட்டதே, இன்னும் எதற்கு இத்தனை பாடு? இன்னும் கொஞ்சம் மேலே வெட்டித் தைத்துவிட்டால் சீக்கிரம் ஆறிவிடுமே?

நியாயமான கேள்வி. பதில் அந்தக் 'கொஞ்சம் மேலே' என்பதற்குள் இருக்கிறது. காலில் எல்லா செ.மீ.க்கும் ஒரே மதிப்பு கிடையாது. கெண்டைக்காலின் நடுவில் மூன்று செ.மீ. குறைந்தால் நடையில் பெரிதாக எதுவும் தெரியாது. முழங்காலை ஒட்டிய இடத்தில் அதே மூன்று செ.மீ. போனால், மூட்டு இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். எந்த இடத்தில் போராட வேண்டும், எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கலாம் என்பதுதான் இந்த அறுவை சிகிச்சையின் முழுக் கணக்கு.

## முதலில் சில சொற்கள்

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே இரண்டு எலும்புகள். முன்பக்கம் தடவினால் தோலுக்கு நேர் கீழே தட்டுப்படுகிற தடித்த எலும்பு டிபியா. உடல் எடையில் பெரும்பங்கை அதுதான் தாங்குகிறது. அதன் வெளிப்பக்கம் மெல்லிய குச்சிபோல் இருப்பது ஃபிபுலா. பின்பக்கம் கெண்டைக்கால் தசை.

முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, டிபியாவின் முன்பக்கத்தில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். தொடையின் முன்தசை, சில்லைத் தாண்டி ஒரு தடித்த நாணாக இறங்கி அந்த மேட்டில்தான் பிடித்துக்கொள்கிறது. காலை நீட்டும் வேலை முழுவதும் அந்த ஒற்றைப் பிடிப்பை நம்பி இருக்கிறது. இந்த மேட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

வெட்டுக்குப் பின் மிஞ்சும் பகுதியை மருத்துவமனையில் ஸ்டம்ப் என்பார்கள். செயற்கைக் காலின் மேற்பகுதி, கிண்ணம் மாதிரி அந்த ஸ்டம்பின் மேல் ஏறி உட்காரும். அது சாக்கெட். நடக்கும்போது உடலின் எடை, உராய்வு, வியர்வை எல்லாம் ஸ்டம்பின் தோல் சாக்கெட்டைத் தொடும் இடங்களில்தான் இறங்குகின்றன.

இன்னும் இரண்டு சொற்கள். தோல் ஒட்டு என்பது தொடையிலிருந்தோ வேறிடத்திலிருந்தோ மெல்லிய தோலைச் சீவி எடுத்துக் காயத்தின் மேல் பரப்புவது. அதற்குச் சொந்த ரத்த ஓட்டம் இல்லை. கீழே இருக்கும் சதையிலிருந்து உறிஞ்சித்தான் பிழைக்கும். ஃபிளாப் என்பது தோல், கொழுப்பு, தசை ஆகியவற்றைத் தன் ரத்தக் குழாயோடு சேர்த்து நகர்த்தி வைப்பது. அது எங்கே போனாலும் தன் ரத்த ஓட்டத்தைக் கொண்டுபோகும். அதனால் வெறும் எலும்பின் மேல்கூட உயிரோடு இருக்கும். தோல் ஒட்டு அங்கே பிழைக்காது.

## முழங்கால் இருப்பதால் என்ன கிடைக்கிறது?

முழங்காலுக்குக் கீழே கால் இழந்த ஒருவர் செயற்கைக் காலோடு ஒரே தூரத்தை நடக்க, மற்றவர்களைவிட ஏறத்தாழ 25 சதவீதம் கூடுதல் சக்தி செலவழிக்கிறார். ஸ்டம்பின் நீளத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். முழங்காலுக்கு மேலே இழந்தவருக்கு அந்தக் கூடுதல் 60 சதவீதத்தை ஒட்டிப் போய்விடுகிறது. மூச்சு வாங்காமல் இருக்க, வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் சமாளிக்கிறார்கள். காலையில் பத்து நிமிடம் என்றால் பெரிதாகத் தெரியாது. நாள் முழுக்க, வருடக்கணக்கில் என்று பார்த்தால் ஒருவர் எவ்வளவு தூரம் வெளியே போகிறார், என்ன வேலை பார்க்கிறார் என்பதையே அது தீர்மானிக்கிறது.

சக்தி மட்டுமில்லை. சொந்த முழங்காலில் தசை இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது உடலை மேலே தூக்கிக்கொடுக்கிறது. வழக்கமான செயற்கை முழங்கால் மூட்டு மடங்கும், பிரேக் பிடிக்கும். ஆனால் தானாக உந்தித் தூக்காது. சொந்த மூட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. கண்ணால் பார்க்காமலே கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மேடு பள்ளமான தரையில் விழாமல் நிற்பது பெரிதும் அதனால்தான்.

சரி, முழங்கால் மூட்டிலேயே பிரித்து எடுத்தால் என்ன, தொடை எலும்பு முழுதாக இருக்குமே என்று கேட்கலாம். அமெரிக்காவில் 8 பெரிய விபத்துச் சிகிச்சை மையங்களில் கடுமையான கால் காயக்காரர்களைத் தொடர்ந்து கவனித்த லீப் என்ற ஆய்வு இதையும் பார்த்தது. மூட்டோடு பிரித்தவர்களின் நடை, எதிர்பார்த்ததற்கு மாறாக, முழங்காலுக்கு மேலேயோ கீழேயோ கால் எடுக்கப்பட்டவர்களைவிட மந்தமாக இருந்தது. அந்த அறுவையில் எலும்பு முனையை மூடிக்கொடுக்க வேண்டியது கெண்டைக்கால் தசை. காலை நசுக்கிய விபத்து அந்தத் தசையையும் சிதைத்திருந்தால் நல்ல மூடல் கிடைக்காது. எலும்பின் நீளத்தைப் போலவே, அதன் மேல் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம் என்று அந்த முடிவு காட்டுகிறது.

## எவ்வளவு நீளம் போதும்?

ஸ்டம்ப் ஒரு நெம்புகோல். முழங்கால் அதன் திருகுமையம். செயற்கைக் கால் அதன் முனையில் தொங்கும் பாரம். கோல் குட்டையானால், அதே பாரத்தை ஆட்ட அதிக விசை வேண்டும். அந்த விசை சிறிய பரப்பில் இறங்குவதால், சாக்கெட் ஓரங்களில் தோல் நசுங்கிப் புண்ணாகும். இதை வைத்து நீளத்தைக் கீழ்க்கண்டபடி பிரித்துப் பார்க்கலாம்.

1. டிபியாவின் முன்மேடு கட்டாயம் மிஞ்ச வேண்டும். அது போனால் காலை நீட்டும் தசைக்குப் பிடிப்பே இல்லை. முழங்கால் மடங்கியபடியே நின்றுவிடும். அப்படிப்பட்ட முழங்காலால் பயன் கிடையாது.

2. மூட்டுக் கோட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. என்பது சாக்கெட் பிடித்துக்கொள்ளக் கிடைக்கும் கிட்டத்தட்டக் கடைசி எல்லை. அதற்கும் குறைவாக இருந்தால், கால் மடங்கும்போது ஸ்டம்ப் சாக்கெட்டைவிட்டு நழுவி வெளியே வரும்.

3. வசதியான நீளம் 12.5 முதல் 17.5 செ.மீ. உயரத்தை வைத்து ஒரு எளிய கணக்கும் உண்டு: உடல் உயரத்தில் ஒவ்வொரு 30 செ.மீ.க்கும் 2.5 செ.மீ. எலும்பு. 170 செ.மீ. உயரமானவருக்கு 14 செ.மீ. சொச்சம் வரும்.

4. இன்னும் நீளமாக, கணுக்காலை நெருங்கிப் போனால் நல்லதா? பெரும்பாலும் இல்லை. அங்கே தசை முடிந்து வெறும் நாண்களும் தோலும்தான் இருக்கின்றன. எலும்பு முனைக்கு மெத்தை கிடைக்காது, ரத்த ஓட்டமும் குறைவு. நவீன செயற்கைப் பாதங்களைப் பொருத்தவும் ஸ்டம்புக்குக் கீழே இடம் தேவை.

ஆகவே 16 செ.மீ.யைக் காப்பாற்றப் பெரிய அறுவை சிகிச்சை செய்வதற்கும், 7 செ.மீ.யைக் காப்பாற்ற அதே சிகிச்சையைச் செய்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. முன்னதில் பேசாமல் 13 செ.மீ.க்கு இறங்கிவந்து, இருக்கும் நல்ல தசையால் மூடிவிடலாம். பின்னதில் இறங்கிவர இடமே இல்லை.

சிறு குழந்தைகளுக்கு இன்னொரு கணக்கும் சேர்கிறது. டிபியாவின் நீள வளர்ச்சியில் பாதிக்கு மேல் அதன் மேல்முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டிலிருந்து வருகிறது. அதைக் காப்பாற்றினால் இன்று குட்டையாக இருக்கும் ஸ்டம்ப் குழந்தையோடு சேர்ந்து வளரும். அதோடு, குழந்தைகளின் ஸ்டம்பில் எலும்பு முனை தோலை முந்திக்கொண்டு கூராக வளர்வதும் உண்டு. அதற்குப் பின்னால் மறு அறுவை தேவைப்படலாம்.

## விபத்து ஏன் இந்தக் கணக்கைக் குலைக்கிறது?

ரத்த ஓட்டக் குறைவால் கால் எடுக்கும்போது மருத்துவர் எங்கே வெட்டுவது என்று முன்கூட்டித் தீர்மானித்து, தோல், தசை, எலும்பு எல்லாவற்றையும் அளந்து வெட்ட முடியும். விபத்து அப்படி அளந்து வெட்டுவதில்லை. எலும்பு ஓரிடத்தில் நொறுங்கியிருக்கும். தோல் அதற்கும் மேலே உரிந்திருக்கும். தசை ஒரு பக்கம் செத்து, மறுபக்கம் உயிரோடு இருக்கும். எலும்பு 14 செ.மீ. வரை நன்றாக இருக்கிறது, தோலோ 5 செ.மீ.க்குக் கீழே இல்லை என்கிற நிலை அபூர்வமானது இல்லை.

பழைய வழி, இருக்கிற தோலுக்குத் தகுந்தபடி எலும்பைக் குறைப்பது. இன்றைய வழி, இருக்கிற எலும்புக்குத் தகுந்தபடி தோலையும் தசையையும் கொண்டுவருவது. வீட்டாரைக் குழப்பும் அத்தனை ஆபரேஷனும் இந்த இரண்டாவது வழியிலிருந்துதான் வருகின்றன.

முதல் ஆபரேஷனில் காயத்தை மூடாததற்கும் காரணம் இருக்கிறது. நசுங்கிய தசையில் எது பிழைக்கும், எது சாகும் என்று முதல் நாளில் நிச்சயமாகத் தெரியாது. நிறம் சிவப்பாக இருக்கிறதா, தொட்டால் உறுதியாக இருக்கிறதா, கிள்ளினால் சுருங்குகிறதா, வெட்டினால் ரத்தம் கசிகிறதா என்று நான்கையும் பார்ப்பார்கள். செத்ததை மட்டும் நீக்கிவிட்டு, சந்தேகமாக இருப்பதை விட்டுவைப்பார்கள். இரண்டு மூன்று நாளில் மறுபடி திறந்து பார்ப்பார்கள். இடையில் காயத்தின் மேல் ஸ்பாஞ்ச் வைத்து உறிஞ்சும் கருவியை மாட்டியிருப்பார்கள். அது கசிவை இழுத்து, வீக்கத்தைக் குறைக்கும். அழுக்கும் செத்த தசையும் உள்ளே இருக்கும்போதே மூடிவிட்டால், சீழ் பிடித்து, கடைசியில் முழங்காலையும் சேர்த்து எடுக்க வேண்டிவரலாம்.

இந்தக் கட்டத்தில் ஒரு நல்ல அறுவை மருத்துவர் காட்டும் சிக்கனம் போற்றத்தக்கது. ஒழுங்கான வடிவம் இல்லாவிட்டாலும் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு தோல் துண்டையும் அவர் விட்டுவைப்பார். மிஞ்சிய டிபியாவில் மேலே ஒரு முறிவு இருந்தால், அந்த முறிவுக்கு மேலே வெட்டிவிடலாம் என்று நினைக்க மாட்டார். பிளேட்டோ கம்பியோ வைத்து அதைப் பொருத்தி, கீழே உள்ள நீளத்தைக் காப்பாற்றுவார். கால் எடுக்கப்பட்டவருக்கு எதற்கு எலும்பு முறிவு சிகிச்சை என்ற கேள்விக்கும் இதுதான் பதில்.

## நீளத்தைக் காக்கும் வழிகள்

எளிதிலிருந்து கடினத்தை நோக்கி இப்படி அடுக்கலாம்.

1. பக்கத்தில் இருக்கும் தோலும் தசையும். வழக்கமான முறையில் பின்பக்கக் கெண்டைக்கால் தசையை நீளமாக விட்டு, முன்பக்கம் மடக்கித் தைப்பார்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் எர்னஸ்ட் பர்ஜெஸ் 1960களில் பரவலாக்கிய முறை இது. பின்தசை நசுங்கியிருந்தால் உள்பக்கம், வெளிப்பக்கம், குறுக்காக என்று எந்தப் பக்கம் நல்ல தோல் இருக்கிறதோ அங்கிருந்து எடுப்பார்கள். தழும்பு எங்கே விழுந்தாலும் பரவாயில்லை, எலும்பு முனைக்கு மெத்தை கிடைத்தால் போதும். தசையை எலும்பில் துளையிட்டுக் கட்டுவதும் முக்கியம். கட்டாத தசை நாளடைவில் நழுவி, எலும்பு முனை தோலுக்கு அடியில் துருத்திக்கொண்டு நிற்கும்.

2. தோல் ஒட்டு. கீழே நல்ல தசை இருந்தால் அதன் மேல் தோல் ஒட்டு வைத்தே பல ஸ்டம்புகளைக் காப்பாற்றலாம். ஒரு காலத்தில் ஒட்டுத்தோல் சாக்கெட்டின் உராய்வைத் தாங்காது என்று இதை ஒதுக்கினார்கள். ஸ்டம்புக்கும் சாக்கெட்டுக்கும் இடையே போடும் சிலிகான், ஜெல் உறைகள் வந்தபிறகு நிலைமை மாறிவிட்டது. புண் வருவது உண்மைதான், குறிப்பாக ஒட்டு நேரே எலும்போடு ஒட்டிக்கொண்ட இடங்களில். ஆனால் வீக்கம் வற்றிய பிறகு சுற்றியுள்ள தோல் தளரும். அப்போது அந்த ஒட்டை வெட்டி நீக்கிவிட்டு நல்ல தோலை இழுத்துத் தைக்க முடியும். நீளத்தை இழந்துவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது அவ்வளவு எளிதில்லை.

3. வெட்டுப்பட்ட பாதத்திலிருந்தே எடுப்பது. இந்தத் துறையில் மிக அழகான யோசனை இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். பல விபத்துகளில் கெண்டைக்காலும் கணுக்காலும் சேர்க்க முடியாதபடி நொறுங்கியிருக்கும். பாதமோ கிட்டத்தட்ட முழுதாக இருக்கும். அந்தப் பாதத்தைக் காலோடு சேர்த்து நடக்கவைக்க முடியாது. ஆனால் அதன் உள்ளங்கால் தோலைப் பாருங்கள். பிறந்ததிலிருந்து எடை தாங்கவே அமைந்த தோல் அது. குதிகாலில் கொழுப்பு சின்னச் சின்ன அறைகளுக்குள் அடைபட்டு, நசுங்காத மெத்தையாக இருக்கிறது. உடம்பில் வேறெங்கும் இதற்கு ஈடான தோல் கிடையாது.

கணுக்காலின் உள்பக்கமாக இறங்கும் ரத்தக் குழாயும் நரம்பும் அறுபடாமல் இருந்தால், பாதத்தின் எலும்புகளை மட்டும் நீக்கிவிட்டு, உள்ளங்காலை அந்தக் குழாயிலும் நரம்பிலும் தொங்கவிட்டபடி மேலே மடக்கி டிபியாவின் முனையை மூடிவிடலாம். நரம்பு அறுபடாததால் உணர்ச்சி அப்படியே இருக்கும்; சாக்கெட் உறுத்துகிறதா என்று அவருக்கே தெரியும். பாதம் முழுவதுமாகத் துண்டாகிவிட்டாலும், அதே உள்ளங்காலைத் தனியே எடுத்து, ரத்தக் குழாய்களை மைக்ராஸ்கோப்பின் கீழ் இணைத்து, நரம்பையும் தைக்கலாம். முதுகிலோ தொடையிலோ புதிதாக ஒரு காயம் உண்டாக்கத் தேவையில்லை.

எலும்புகூடப் போதவில்லை என்றால், குதிகால் எலும்பை அதன் தோலோடும் ரத்தக் குழாயோடும் சேர்த்து எடுத்து, டிபியாவின் முனையில் ஸ்குரூ வைத்துப் பொருத்துவதும் உண்டு. சில செ.மீ. நீளமும் கிடைக்கும், முனையில் எடை தாங்கும் மெத்தையும் கிடைக்கும். மேட்டுக்குச் சற்றுக் கீழேயே நின்றுபோன டிபியாவுக்கு இது பெரிய வரம்.

நிபந்தனைகள் உண்டு. பாதம் நசுங்கியிருக்கக் கூடாது. நேரமும் முக்கியம்: குளிர்விக்காத தசை ரத்த ஓட்டம் இல்லாமல் சுமார் 6 மணி நேரம்தான் தாங்கும். முக்கியமாக, முதல் ஆபரேஷன் செய்கிறவருக்கு இந்த யோசனை அந்த நேரத்தில் வர வேண்டும். பாதத்தைக் கழிவோடு அனுப்பிவிட்ட பிறகு யோசித்துப் பயனில்லை.

4. தூரத்திலிருந்து கொண்டுவரும் ஃபிளாப். பாதமும் இல்லை, பக்கத்துத் தசையும் இல்லை என்றால் முதுகின் அகன்ற தசை, தோள்பட்டைப் பக்கத்துத் தோல், தொடையின் முன்-வெளிப்பக்கத் தோல் ஆகியவற்றிலிருந்து எடுப்பார்கள். எடுத்த துண்டின் தமனியையும் சிரையையும், காலில் காயம் படாத இடத்தில் உள்ள குழாய்களோடு இணைக்க வேண்டும். அந்தக் குழாய்களின் விட்டம் சில மில்லிமீட்டர்தான். தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. ஏழெட்டு மணி நேரம் ஆவது இதனால்தான். முதல் சில நாள் செவிலியர்கள் இரவும் பகலும் ஃபிளாப்பின் நிறத்தையும் சூட்டையும் பார்த்துக்கொண்டே இருப்பதும் இதனால்தான்; இணைத்த இடத்தில் ரத்தம் உறைந்தால் உடனே திறந்து சரிசெய்யச் சில மணி நேரமே அவகாசம்.

பழகிய கைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிழைக்கிறது. ஆனால் பிழைப்பது வேறு, நல்ல ஸ்டம்ப் ஆவது வேறு. புதிய ஃபிளாப் பருமனாக இருக்கும், எலும்பின் மேல் வழுக்கி அசையும், பெரும்பாலும் உணர்ச்சி குறைவாக இருக்கும். உணர்ச்சி இல்லாத தோலில் புண் வந்தாலும் வலிக்காது, வலிக்காததால் கவனிக்கப்படாமல் பெரிதாகும். கொழுப்பைக் குறைத்து வடிவம் திருத்த ஒன்றிரண்டு சின்ன ஆபரேஷன்கள் பின்னால் வரலாம். இதையெல்லாம் முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவிடுவதே நேர்மை.

5. எலும்பை நீட்டுவது. எல்லாம் ஆறிய பிறகு, ஸ்டம்ப் மிகவும் குட்டையாக நின்றுவிட்டால் இது ஒரு வழி. சோவியத் மருத்துவர் காவ்ரீல் இலிசரோவ் உருவாக்கிய வளையக் கருவியை மாட்டி, எலும்பைக் கவனமாக வெட்டி, நாளொன்றுக்கு 1 மி.மீ. என்ற கணக்கில், கால் மி.மீ.யாக நான்கு தடவை இழுப்பார்கள். இடைவெளியில் புது எலும்பு உருவாகும். 4 செ.மீ. வேண்டுமென்றால் இழுக்கவே 40 நாள். புது எலும்பு கெட்டியாக அதைவிட அதிக காலம். சிக்கல் என்னவென்றால் எலும்பு நீளும் வேகத்துக்கு முனைத்தோல் நீளாது. மூடல் மோசமாக இருந்தால் எலும்பு தோலைத் துளைத்துக்கொண்டு வரும். அதனால் முதலில் நல்ல ஃபிளாப், பிறகு நீட்டல் என்று போவதும் உண்டு.

6. சாக்கெட்டே இல்லாமல். எலும்புக்குள் உலோகத் தண்டைப் பதித்து, அது தோல்வழியே வெளியே வந்து செயற்கைக் காலை நேராகத் தாங்கும் முறையும் வளர்ந்துவருகிறது. சுவீடனில் 1990இல் தொடை எலும்பில் தொடங்கியது. தண்டு வெளிவரும் இடத்தில் நோய்த்தொற்று வருவது அதன் தொடர் தொல்லை.

டிபியாவையும் ஃபிபுலாவையும் கீழ்முனையில் எலும்புப் பாலம் வைத்து இணைக்கும் எர்ட்ல் முறை பற்றியும் சிலர் கேட்பார்கள். அது நீளத்தைக் கூட்டுவதற்கானது இல்லை. முனை எடை தாங்க வேண்டும் என்பதற்கானது. அதனால் நடை மேம்படுகிறதா என்பதில் மருத்துவர்களுக்குள் ஒருமித்த கருத்து கிடையாது. இரண்டு எலும்பும் ஒன்றைவிட்டு ஒன்று ஆடுகிற ஸ்டம்பில் அது பயன்படும் என்பதை ஏற்கலாம்.

## எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும்?

நீளத்துக்காக எதையும் செய்யலாம் என்ற பிடிவாதமும் ஆபத்தானது. கீழ்க்கண்ட நிலைகளில் மேலே வெட்டுவதே சரியான முடிவாக இருக்கும்.

1. ரத்தம் நிறையப் போய், வேறு உறுப்புகளிலும் அடிபட்டு உயிருக்கே போராடுகிறவர். நீண்ட ஆபரேஷனை அவர் உடம்பு தாங்காது. அந்த நேரத்தில் வேகமாக வெட்டி, திறந்தே விட்டு, உயிர் நிலைத்தபின் மற்றதைப் பார்ப்பதுதான் முறை.

2. முழங்கால் மூட்டே சிதைந்திருந்தால், அல்லது காலை நீட்டும் தசையும் நாணும் திரும்ப இணைக்க முடியாதபடி போயிருந்தால். நீட்ட முடியாத முழங்காலுக்குக் கீழே 10 செ.மீ. வைத்துக்கொண்டு நடப்பது, முழங்காலுக்கு மேலே நல்ல ஸ்டம்போடு நடப்பதைவிடக் கஷ்டம்.

3. ஃபிளாப்பை இணைக்க உருப்படியான ரத்தக் குழாய் எதுவும் காலில் மிஞ்சாதபோது.

4. அடங்காத நோய்த்தொற்று.

இந்த நான்கும் இல்லாதபோது, 'தோல் போதவில்லை' என்பது மட்டுமே முழங்காலைத் தாண்டி வெட்டக் காரணமாகக் கூடாது. அந்த மருத்துவமனையில் நுண் அறுவை சிகிச்சை வசதி இல்லையென்றால், காயத்தைச் சுத்தம் செய்து திறந்த நிலையில் வைத்து, வசதியுள்ள இடத்துக்கு மாற்றிவிடலாம். போன முழங்காலை எந்த மருத்துவமனையாலும் திரும்பத் தர முடியாது.

## காலை எடுக்காமலே காப்பாற்றியிருக்கலாமா?

வீட்டாரை வருடக்கணக்கில் உறுத்தும் கேள்வி இது. லீப் ஆய்வின் முடிவுகள் 2002இல் வெளிவந்தபோது, கடுமையாக அடிபட்ட காலைக் காப்பாற்றியவர்களும் அகற்றியவர்களும் இரண்டு ஆண்டு முடிவில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். இரு தரப்பிலும் பாதிப்பேர்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். காலைக் காப்பாற்றியவர்கள் மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டியிருந்தது. எந்த ஆபரேஷன் என்பதைவிட, ஏழ்மை, படிப்பு, துணைக்கு ஆட்கள் இருப்பது, புகைப்பழக்கம், 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை ஆகியவைதான் முடிவை அதிகம் மாற்றின. காலை எடுக்க ஒப்புக்கொண்டதற்காக யாரும் தன்னைத் தானே குற்றவாளியாக நினைக்கத் தேவையில்லை.

## நரம்பையும் கவனிக்க வேண்டும்

நீளமும் மூடலும் நன்றாக அமைந்தும், சிலருக்குச் சாக்கெட் போட்டாலே மின்சாரம் பாய்ந்த மாதிரி வலிக்கும். வெட்டிய நரம்பின் முனை தன் பழைய பாதையைத் தேடி முளைத்து, வழி தெரியாமல் முடிச்சாகிவிடுவதே காரணம். முன்பெல்லாம் நரம்பை இழுத்து வெட்டி, ஆழத்தில் ஒளிந்துகொள்ள விடுவார்கள். இப்போது அந்த முனைக்கு ஒரு வேலை கொடுக்கிறார்கள்: பக்கத்துத் தசைக்குப் போகும் சிறு நரம்போடு அதை இணைத்துவிடுவது, அல்லது அதன் முனையில் ஒரு சிறு தசைத்துண்டைச் சுற்றிவிடுவது. இந்த இரண்டில் முதலாவது, செயற்கைக் கையை இயக்குவதற்காக 2000களின் தொடக்கத்தில் உருவானது. வலியும் குறைவது பிறகு தெரிந்தது. இல்லாத பாதம் வலிக்கிற உணர்வும் பலருக்கு இதனால் குறைகிறது. ஸ்டம்பை மூடும் அதே ஆபரேஷனில் இதைச் செய்துவிட முடியும் என்பதால், கேட்டுவைப்பது நல்லது.

## வீட்டார் செய்யக்கூடியவை

1. துண்டான காலையோ பாதத்தையோ, திரும்ப ஒட்டவைக்க முடியாது என்று பார்த்தவுடன் தெரிந்தாலும், மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகத் தோலில் படக் கூடாது. அந்தப் பாதத்தின் தோல் ஒரு முழங்காலைக் காப்பாற்றலாம்.

2. மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: முன்மேடு மிஞ்சுமா? மூட்டிலிருந்து எத்தனை செ.மீ. எலும்பு நன்றாக இருக்கிறது? முழங்காலுக்கு மேலே போக வேண்டுமென்றால் காரணம் எலும்பா, மூட்டா, தோலா? தோல்தான் என்றால், பிளாஸ்டிக் சர்ஜன் பார்த்துவிட்டாரா?

3. புகைபிடிப்பதை அன்றே நிறுத்த வேண்டும். நிகோட்டின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கும். புதிதாக இணைத்த ஃபிளாப்புக்கு அது நேரடி எதிரி.

4. முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். வலிக்கு இதமாக இருக்கும் என்று வைப்பார்கள். சில வாரங்களில் மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய முழங்கால் 30 டிகிரி மடங்கி நின்றுவிட்டால் செயற்கைக் கால் பொருத்துவதே சிரமம். நீட்டிவைப்பது, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சி, சில இடங்களில் மாவுக்கட்டு, எல்லாம் இதற்காகத்தான்.

5. முதல் சாக்கெட் நிரந்தரமானது இல்லை. ஸ்டம்பின் வீக்கம் வற்றி வடிவம் நிலைக்கப் பல மாதங்கள் ஆகும். ஒரு வருடத்தைத் தாண்டுவதும் உண்டு. ஃபிளாப் வைத்தவருக்கு இன்னும் கூடும், ஏனென்றால் நரம்பு இல்லாத தசை மெல்ல மெல்லச் சுருங்கும். அதனால் சாக்கெட் தளர்ந்தால் பயப்பட வேண்டாம், துணி திணித்துச் சமாளிக்கவும் வேண்டாம். செயற்கைக் கால் செய்தவரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். தினமும் இரவில் ஒரு கண்ணாடியை ஸ்டம்புக்கு அடியில் பிடித்து, சிவந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிய பிறகு 10, 15 நிமிடத்துக்குள் மறையாத சிவப்பு, மறுநாள் அந்தக் காலை மாட்டக் கூடாது என்பதற்கான அடையாளம்.